என் ரத்தத்தை எதற்குக் கேட்கிறார்கள்

பேத்தி பிறந்து மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. ஒரு கை விறைத்து, முகம் நீலமாகி, அரை நிமிடத்தில் விட்டது. பிறகு மற்றக் கை. ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு தடவை. இங்கே ஜெர்மனியில், ஹனோவர் வைத்தியசாலைக்காரர் குழந்தையின் ரத்தத்தையும் தாய் தகப்பனின் ரத்தத்தையும் எடுத்து, பரம்பரையாக வரும் நரம்பு நோய்களுக்கான மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஐந்து நாளில் முடிவு வரும் என்றார்கள்.

எனக்கு அதிலேயே சந்தேகம் பிடித்துவிட்டது. என் அகதி வழக்குக்கு முடிவு சொல்ல இந்த நாட்டுக்கு ஏழு வருடம் பிடித்தது. ஒரு விலாசம் மாற்றப் போனாலும் இரண்டு மாதம் கழித்துத்தான் டெர்மின், அதாவது சந்திக்க நேரம், கிடைக்கும். ஐந்தே நாளில் ஒன்றை முடிக்கிறார்கள் என்றால் அதில் யாருக்கோ அவசரம் இருக்கிறது.

எங்கள் ஆட்களுக்கு மரபணுச் சோதனை ஒரு விதமாகத்தான் அறிமுகம். ஊரில் இருக்கும் பிள்ளையை இங்கே கூப்பிட விண்ணப்பித்தால், இது உன் பிள்ளைதானா என்று எச்சில் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் பிடிபட்டவர்களை எனக்குத் தெரியும். நான் அதற்கு முந்திய காலத்தில் தப்பியவன்.

என் மகள் நான் பெற்ற மகள் அல்ல. அண்ணனின் பிள்ளை. அண்ணனும் அண்ணியும் ஒரே கிழமையில் குண்டுவீச்சில் செத்தபோது அவளுக்கு மூன்று வயது. பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயரை மாற்றி எழுதுவித்து, என் மகள் என்று சொல்லி இங்கே கூப்பிட்டெடுத்தேன். வீட்டில் நான் அவளுக்குச் சித்தப்பா. பள்ளிக்கூடத்திலும் அரசாங்கக் கந்தோர்களிலும் பப்பா. ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து கோப்பை கழுவி, கோழி வெட்டி, கண்காட்சிக்குக் கூடாரம் கட்டி ஊர் ஊராக அலைந்தவன், அவள் வந்த பிறகுதான் ஒரு இடத்தில் நின்றேன். அவளுடைய ஜெர்மன் பாஸ்போட் அந்தப் பத்திரத்தின் மேல்தான் நிற்கிறது.

சொன்ன நாளில் முடிவு வந்தது. மருமகன் குழந்தையோடு நிற்க, மகளையும் என்னையும் ஒரு பெண் டொக்டர் சின்ன அறையில் இருத்தினார். தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தத் தமிழர் யாருடைய மைத்துனர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

குழந்தையின் ஒரு மரபணுவில் மாற்றம் இருக்கிறது, அதே மாற்றம் மகளிடமும் இருக்கிறது என்றார். சில குடும்பங்களில் இந்த மரபணுவால் கைக்குழந்தைக்கு வலிப்பு வரும், சில மாதங்களில் நின்றுவிடும், பிள்ளை நன்றாக வளரும். ஆனால் இந்த மாற்றத்தை இதற்குமுன் யாரிடமும் பார்த்ததில்லை. சுகமாக இருக்கும் தாயிடமும் இருப்பதால் இது ஒன்றும் செய்யாத மாற்றமாகவும் இருக்கலாம். அப்படியானால் உண்மையான காரணத்தை வேறெங்காவது தேட வேண்டும்.

மகளுக்குக் குழந்தையில் வலிப்பு வந்ததா, எனக்கு வந்ததா என்று கேட்டார்.

கேள்வி முடியுமுன் இல்லை என்றேன். இரண்டுக்கும்.

அப்படியென்றால் நாளைக்கு முதுகில் ஊசி குத்தி நீர் எடுப்போம், இன்னொரு மருந்தும் கூட்டுவோம் என்றார். ஏற்கெனவே மூன்று மருந்தில் குழந்தை பாலுக்குக்கூட முழிக்கவில்லை. என் ரத்தத்தையும் பார்த்தால் உதவியாக இருக்கும் என்றார். நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

அடுத்த நாள் காலை நான் வேலை செய்யும் பார்சல் கிடங்கில், அகதி முகாமிலிருந்தே என்னோடு இருக்கும் கூட்டாளியிடம் சொன்னேன்.

"குடுத்திடாத மச்சான். உன்ர வாய் மாதிரி இல்லை, ரத்தத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"நோய் வருத்தத்துக்குத்தான் பாக்கிறாங்களாம்."

"ஓம் ஓம். காம்பில எக்ஸ்ரே எடுத்ததும் வருத்தத்துக்குத்தான். பிறகு வயசு குறைச்சுச் சொன்னவங்களை எப்பிடிப் பிடிச்சவங்கள்?"

அவன் சொன்னது சரியாகவே பட்டது. ஆனால் மகளுக்கு வலிப்பு வரவில்லை என்று நான் சொன்னதுதான் பொய்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வலிப்பு வரும் குழந்தைக்கு மஞ்சள் கொம்பை நெருப்பில் காட்டித் தொப்புளுக்குப் பக்கத்தில் சூடு போடுவார்கள். அண்ணனின் வயிற்றில் அப்படி இரண்டு தழும்பு. நாலாம் மாதத்தோடு வலிப்பு நின்றதாம். சூடுதான் நிறுத்தியது என்று எல்லோரும் நம்பினார்கள். மகள் பிறந்தபோது அண்ணன் கடிதம் எழுதினான்: பிள்ளைக்கும் என்னைப் போல வந்தது, சூடு போட்டிருக்கிறது. அவளுக்கும் அதே இடத்தில் இரண்டு தழும்பு. விளக்குச் சரிந்து சுட்டது என்று சொல்லிவைத்திருந்தேன். அண்ணனைப் பற்றிய பேச்சை அப்படித்தான் வளரவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

வைத்தியசாலைக்குப் போனபோது மகள் நடைகூடத்தில் நின்றாள். ஊசிக்குச் சம்மதம் கேட்கும் கடதாசி கையில்.

"சித்தப்பா, ரத்தம் குடுத்திட்டியளோ?"

"இல்லை. உனக்கு உதெல்லாம் விளங்காது."

"எனக்கோ? இவ்வளவு வருசமாப் பப்பா எண்டு நடிக்கிறது ஆர்? பாஸ்போட் போனாப் போகட்டும். பிள்ளை கண் திறக்குதில்லை."

"உன்ர வயித்தில இருக்கிறது விளக்குச் சூடில்லை" என்றேன். மிச்சத்தையும் சொன்னேன்.

சட்டையை ஓரமாகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அவளே போய் டொக்டரின் கதவைத் தட்டினாள்.

மகள் எல்லாவற்றையும் சொல்ல, டொக்டர் தழும்பைப் பார்த்தார். ஒரு தாளில் எங்கள் குடும்பத்தைக் கோடும் வட்டமும் சதுரமுமாகக் கீறியிருந்தார். நான் இருந்த சதுரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சதுரம் போட்டு, செத்தவருக்கு அடையாளமாக ஒரு சாய்கோடு இழுத்தார். அண்ணன் எப்படி வளர்ந்தார் என்று கேட்டார். "கிணறு வெட்டியவன். எங்களைவிட வேகமாக ஓடுவான். வலிப்பில் சாகவில்லை" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். மகளின் கோடு என் சதுரத்தை விட்டு அண்ணனின் சதுரத்துக்குப் போனது. இந்தத் தாளை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். மகளின் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது, அது சட்டம் என்றார். சட்டம் என்ற சொல்லை இந்த நாட்டில் பல கந்தோர் யன்னல்களில் கேட்டிருக்கிறேன். அண்ணனின் பெயரை எழுதவேண்டாம் என்றேன். எழுதவில்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ஊசி குத்தவில்லை. பழைய மருந்துகளைக் குறைத்து, இந்த வகை வலிப்புக்கு என்று வேறொன்று தொடங்கினார்கள். இரண்டாம் கிழமையில் வலிப்பு நின்றது. மருந்தாலா, தானாகவா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார்கள்.

பேத்திக்கு இப்போது எட்டு மாதம். எதையும் பிடிக்காமல் தானாக உட்கார்ந்திருக்கிறாள், என் கண்ணாடியைப் பிடுங்குகிறாள். கந்தோரிலிருந்து கடிதம் ஒன்றும் வரவில்லை. மகள் இப்போது அண்ணனைப் பற்றி விட்டு விட்டுக் கேட்கிறாள், தெரிந்ததைச் சொல்கிறேன். பேத்தியின் ஒவ்வொரு டெர்மினுக்கும் கூடப் போகிறேன். உங்கள் ரத்தமும் கிடைத்தால் பதிவு முழுமையாகும் என்று டொக்டர் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே கேட்கிறார். நானும் சிரித்துக்கொண்டே, அடுத்த முறை என்கிறேன்.