குரலில் அனுப்பிய தெருக்கள்

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் நான் நடந்த நடையைப் பார்த்து என் கணவர் பயந்துவிட்டார். அதற்கு முன் பல ஆண்டுகள் நாங்கள் வளைகுடாவில் ஒரு பாலைவன நகரத்தில் இருந்தோம். அங்கே 'வெளியே' என்பது குளிரூட்டிய காரிலிருந்து குளிரூட்டிய கடைக்குள் ஓடும் அந்தச் சின்ன இடைவெளி மட்டும்தான். கோடையில் கார்க் கதவின் பிடியைத் துணியால் பிடித்துத்தான் திறப்போம். ஜன்னலால் பார்த்தால் கட்டடமும் வானமும் ஒரே மணல் நிறம். அப்படி அடைந்து கிடந்துவிட்டு இங்கே வந்தபோது, கால் போன திசையெல்லாம் நடைபாதை இருக்கிறது என்பதையே என்னால் நம்ப முடியவில்லை.

வெக்ஸ்போர்ட்டில் ஓர் அடுக்குமாடியில் வீடு எடுத்திருந்தோம். கணவருக்கு மிசிசாகாவில் ஒரு பொருட்கிடங்கில் வேலை. காலையில் போனால் மாலையில்தான் வருவார். நான் பகுதிநேரமாக ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்தேன். பின்னேரமானால் சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். உயர்மின் கம்பிகளுக்குக் கீழே நீண்டு கிடக்கும் புல்வெளியால் நடப்பேன். அங்கே தோளில் சிவப்புப் பொட்டு வைத்த கறுப்புக் குருவிகள் கூடு கட்டும் காலத்தில் ஆட்களின் தலையில் வந்து கொத்தும். ஒருமுறை ஒரு பெரிய மனிதர் கைப்பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன். லோரன்ஸ் வீதிக்கு வந்தால் அரபுக்கடைகளில் இருந்து ஏலக்காய் போட்ட கோப்பியின் மணம் வரும். விட்டுவந்த ஊரின் நல்ல பகுதி மட்டும் எனக்குப் பின்னால் விமானம் ஏறி வந்துவிட்டது போல இருக்கும்.

நான் 'அக்கா' என்று கூப்பிட்ட பெண்ணைச் சந்தித்தது எங்கள் கட்டடத்தின் துணி துவைக்கும் அறையில். எங்களுக்கு மூன்று மாடி கீழே தனியாக இருந்தார். இந்த நகரத்துக்கு வந்து நெடுங்காலம். என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். நல்ல குரல். கோயில் திருவிழாக்களிலும் கலை விழாக்களிலும் மேடையில் அறிவிப்புச் செய்பவர். நாணயம் போடாமலே இயந்திரத்தைத் தட்டிக்கொண்டு நின்ற எனக்கு அதை இயக்கக் காட்டித்தந்தார். குளிர்காலத்துக்கு எந்தச் சப்பாத்து, எந்த டொக்டர், எந்தக் கடையில் நல்ல மீன் என்று எல்லாம் சொல்லித்தந்ததும் அவர்தான். எனக்கு இந்த ஊரில் வேறு சிநேகிதி இருக்கவில்லை. தேடவும் தோன்றவில்லை.

அந்த ஆண்டு கார்த்திகையில் அக்காவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. குளிர் முடியும்வரை ஒஷாவாவில் இருக்கும் மகளின் வீட்டில் தங்கப் போனார். போன மறுகிழமையே தொலைபேசியில் அழாக்குறையாகக் கதைத்தார்.

"பிள்ளை, ஜன்னலால பாத்தா முன்வீட்டுக் கராஜ் கதவு மட்டும்தான் தெரியுது. விசர் பிடிக்கப்போகுது எனக்கு. நீ நடக்கேக்க என்ன பாக்கிறியோ, அதை எனக்கு வொய்ஸில போட்டுவிடு. நான் படுத்துக்கிடந்து உன்னோட நடக்கிறன்."

அப்படித்தான் தொடங்கியது. நடந்து முடிந்து கட்டடத்து வாசலில் நின்று, கையுறையைக் கழற்றி, கைபேசியில் பேசி அனுப்புவேன். பேருந்து நிறுத்தத்து இருக்கை வாங்கில் மூடிய பனியை ஒருவர் தன் கைப்பையால் துடைத்து, தான் இருக்காமல் அடுத்தவருக்கு இடம் விட்டதைச் சொன்னேன். உப்புப் போட்ட பாதையில் நடக்க மறுத்துக் கால் தூக்கி நின்ற நாயை அதன் எசமானி குழந்தை போலத் தூக்கிப்போனதைச் சொன்னேன். இங்கே தொலைந்த கையுறையை யாராவது எடுத்து வேலிக் கம்பியின் நுனியில் செருகி வைப்பார்கள், தேடி வருபவரின் கண்ணில் படட்டும் என்று. ஒருநாள் மங்கலான வெளிச்சத்தில் அப்படி ஒரு சிவப்புக் கையுறையைக் கண்டு, "ஆரோ எனக்குக் கை காட்டினம் எண்டு நினைச்சு நானும் கை காட்டிப்போட்டன் அக்கா" என்று சொல்லிச் சிரித்தேன். அவர் பதிலுக்குச் சிரித்து அனுப்பிய குரலை நான் சமைத்துக்கொண்டே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

சித்திரையில் ஒருநாள் நான் வழக்கமான பாதையை விட்டு ஒரு பிளாசாவின் பின்புறத்தால் போனேன். வாகனத் தரிப்பிடத்தின் மூலையில், குளிர்காலம் முழுவதும் ஒதுக்கிக் குவித்த பனி இன்னும் கரையாமல் ஒரு கறுத்த மேடாகக் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் எங்கள் கார் நின்றது. உள்ளே என் கணவர் இருந்தார். தூங்கவில்லை. கைபேசியைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி, எதிரே இருந்த கம்பளக் கடையின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நீலச் சாப்பாட்டுப் பை கண்ணாடிக்குக் கீழே கிடந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கவலை என்றும் சொல்ல முடியாது. யாருக்காகவும் ஒன்றும் செய்யத் தேவையில்லாத ஒருவரின் முகம் அது. பனிமேட்டின் மறைவிலேயே திரும்பி நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்து அவர் வந்தார். "ரோட்டில சரியான சனம்" என்றார். எல்லா நாளும் அதையேதான் சொல்பவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கண்டதையும் அவர் சொன்ன பொய்யையும் ஒன்றுவிடாமல் சொல்லி அன்றைக்கு அக்காவுக்கு அனுப்பிய குரலில் நான் அழுதிருந்தேன். என்னிடம் வரப் பிடிக்காமலா அங்கே இருக்கிறார் என்று கேட்டேன். அக்கா உடனே அழைத்தார்.

"இஞ்ச பார், அழாதை. நாள் முழுக்க ஆரின்ரையோ சத்தத்துக்கை நிண்டிட்டு வாறார். ஆம்பிளையளுக்கும் ஒரு மூலை வேணும். நீ கண்டது அவருக்குத் தெரியவே கூடாது. விட்டிடு."

நான் விட்டுவிட்டேன். அது நல்ல புத்திமதி. அதைச் சொன்னது அவர்தான் என்பதை இன்றைக்கும் நான் மறுக்கமாட்டேன்.

அக்கா வைகாசியில் திரும்பி வந்தார். வந்த சில நாட்களில் ஒரு சிறிய தமிழ் வானொலியில் மாலை நிகழ்ச்சி ஒன்று அவருக்குக் கிடைத்தது. நான் கேசரி செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். நிகழ்ச்சி நேரம் நான் நடக்கும் நேரமாக இருக்கிறதே என்று கவலைப்பட்டேன்.

"நீ கேக்காட்டியும் பரவாயில்லை, உனக்குத் தெரியாத ஒண்டையும் நான் சொல்லப்போறதில்லை" என்று சிரித்தார். பகிடி என்று நினைத்தேன்.

ஆனியில் ஒரு மாலை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கணவர் சொன்னார்: "உம்மட அக்கான்ரை நிகழ்ச்சியைக் காரிலை கேக்கிறனான். எவ்வளவு வடிவாச் சொல்லுறா! உந்த முழங்காலோட உப்பிடி நடக்கிறா எண்டு நீர் எனக்குச் சொல்லேல்லையே?"

"நடக்கிறாவோ?"

"ஓம். இண்டைக்கு ஒரு நாயின்ரை கதை சொன்னவ. உப்பிலை கால் வைக்கமாட்டனெண்டு நிண்டதாம்."

மறுநாள் நான் நடக்கப் போகவில்லை. குசினியில் நின்று வானொலியைப் போட்டேன். ஒரு பழைய பாட்டு முடிந்ததும் அக்காவின் குரல் வந்தது. "நேயர்களே, போன மாரியில ஒருநாள் நான் நடந்து வரேக்க..." சிவப்புக் கையுறை. மங்கலான வெளிச்சம். "ஆரோ எனக்குக் கை காட்டினம் எண்டு நினைச்சு நானும் கை காட்டிப்போட்டன்." நான் சிரித்த அதே இடத்தில் அவரும் சிரித்தார். என் சிரிப்பின் அளவுகூட அதுவேதான்.

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நான் கண்டது வானொலியில் வருமளவுக்கு இருக்கிறதே என்ற சந்தோஷம். 'நான்' என்ற அந்தச் சொல் பிறகுதான் குத்தத் தொடங்கியது. அந்தக் கையுறைக்கு முன்னால் நின்றது நான். விரல் விறைத்தது எனக்கு. அந்த நேரம் அவர் ஒஷாவாவில் போர்வைக்குள் இருந்தார்.

நிகழ்ச்சி முடித்து அவர் வீடு திரும்பும் நேரம் பார்த்து, கீழே போய்க் கதவைத் தட்டினேன். அக்கா சிரித்தபடியே உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி வைத்தார்.

"அக்கா, அதெல்லாம் நான் உங்களுக்குச் சொன்னதல்லோ. என்ரை சிநேகிதி ஒருத்தி பாத்தவ எண்டாவது சொல்லியிருக்கலாமே."

"உது ரோட்டிலை கிடக்கிற விஷயம் பிள்ளை. ஆர் பாத்தா என்ன? ரேடியோவிலை 'என்ரை சிநேகிதி பாத்தவ, அவ எனக்குச் சொன்னவ' எண்டு இழுத்துக்கொண்டிருந்தா ஆர் கேப்பினம்? உனக்கு ஆசையெண்டால் ஒருநாள் கூட்டிக்கொண்டு போறன், வந்து கதை."

எனக்கு வானொலியில் கதைக்க ஆசை இல்லை. அதை அவரும் அறிவார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். எழும்பும்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது.

"அந்தக் கார் கதையை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. அவர் உங்கடை நிகழ்ச்சியைக் கேக்கிறவர்."

"ஐயோ, எனக்கென்ன விசரே? என்ரை பிள்ளையளாணை சொல்லமாட்டன். போய் நிம்மதியாப் படு."

நான் நம்பினேன். கோபம் முழுவதும் அடங்காவிட்டாலும் குரல் பதிவுகளைக் கூட நிறுத்தவில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு அனுப்பினேன். வேறு யாரிடம் சொல்வது?

ஐப்பசியில், மரமெல்லாம் சிவந்து பாதையில் இலை குவிந்த ஒரு பின்னேரம், நான் நடந்து வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் கணவர் வந்து நின்றார். வழமையைவிட முன்னதாக வந்திருந்தார். கதவடியிலேயே நின்றார். சாப்பாட்டுப் பை கையில் இருந்தது.

"நான் பாக்கிங்கிலை இருக்கிறனான் எண்டு உமக்குத் தெரியுமோ?"

அவிழ்த்த சப்பாத்து நாடாவோடு நிமிர்ந்தேன்.

"இண்டைக்கு அவ ரேடியோவிலை சொன்னவ. கம்பளக் கடைச் சுவராம். நீலப் பையாம். நானும் அந்த இடத்திலை இருந்துதான் கேட்டுக்கொண்டிருக்கிறன். முதல்லை, அவதான் என்னைக் கண்டிட்டாவாக்கும் எண்டு நினைச்சன். பிறகு சொல்லுறா, அந்த மனுசன் வீட்டை போய் மனுசியிட்டை 'ரோட்டில சரியான சனம்' எண்டு பொய் சொல்லுவாராம்." பையைத் தரையில் வைத்தார். "அது உமக்கு மட்டும்தானே தெரியும்."

எல்லாவற்றையும் சொன்னேன். பனிமேடு, அழுதது, அக்கா தந்த புத்திமதி, பிள்ளைகள் மேல் செய்த சத்தியம். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே" என்றார். "உம்மிலை ஒண்டுமில்லை. வேலையிலை நாள் முழுக்க லொறி பின்னுக்கு எடுக்கேக்க அடிக்கிற பீப் சத்தம் காதுக்கை நிக்கும். அது போகுமட்டும் இருந்திட்டு வாறனான். அவ்வளவுதான். அதை ஊருக்குச் சொல்லி, பின்னாலை சோகப்பாட்டும் போட்டா."

அடுத்த நாள் அக்காவின் கதவைத் தட்டினேன். இந்த முறை உள்ளே போகவில்லை.

"சத்தியம் பண்ணினீங்களே அக்கா."

அவர் முகத்தில் வெட்கம் ஒரு கணம் வந்தது. பிறகு வேறு ஏதோ ஒரு பெருமை வந்து அதை மூடிவிட்டது.

"நான் பேர் சொல்லேல்லை. இடம் சொல்லேல்லை. நேற்று எத்தினை பேர் போன் எடுத்தவை தெரியுமே? ஒரு ஆம்பிளை அழுதார். தானும் அப்பிடித்தான் காருக்கை இருக்கிறவராம். தன்னை மாதிரி இன்னொருத்தரும் இருக்கிறார் எண்டு இண்டைக்குத்தான் தெரியுமெண்டு சொன்னார். அது நல்ல காரியமில்லையோ?"

"அந்த ஆளுக்கு நல்லதாயிருக்கலாம். என்ரை மனுசன் இனி எங்கை போய் இருக்கிறது?"

"நீ உதைப் பெரிசாக்காதை பிள்ளை" என்றார். அந்தப் 'பிள்ளை' என்ற சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. படிக்கட்டால் ஏறி வந்தேன். அவருடைய இலக்கத்தை அழிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. ஒன்றும் அனுப்பாமல் விட்டேன். சில நாட்கள் அவர் அழைத்தார். பிறகு நின்றுவிட்டது. மின்தூக்கியில் சந்தித்தால் இருவரும் குளிரைப் பற்றிக் கதைப்போம்.

கணவர் அதன்பின் நேராக வீட்டுக்கு வந்தார். வந்து, குளித்து, தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார். நான் தட்டுமுட்டுச் சத்தம் போடாமல் சமைக்கப் பழகினேன். ஆனால் அவர் காதுக்குள் அந்த லொறிச் சத்தம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். "வேறை எங்கையாவது நிப்பாட்டி இருந்திட்டு வாங்கோவன்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "இனி எங்கை நிப்பாட்டினாலும் ஆரோ பாக்கினமெண்டுதான் இருக்கும்" என்றார். நான்தான் அந்த 'ஆரோ' என்று அவர் சொல்லவில்லை.

நான் நடப்பதை விடவில்லை. ஆனால் கொஞ்சக் காலம் பார்ப்பதெல்லாம் அக்காவின் குரலிலேயே எனக்குள் ஒலித்தது. ஒரு வாத்துக்கூட்டம் வீதியைக் கடந்தால், 'நேயர்களே' என்றுதான் மனம் தொடங்கும். என் கண்ணையே இரவல் கொடுத்துவிட்டு நிற்பது போல இருந்தது.

அடுத்த மாரியில் ஒருமுறை, பேருந்தில் பக்கத்தில் இருந்த பெண் கைபேசியில் அந்த நிகழ்ச்சியைச் சத்தமாகப் போட்டிருந்தார். அக்கா இன்னும் நடைக்கதை சொல்லிக்கொண்டிருந்தார். பிக்கரிங்கில் ஏரிக்கரைப் பலகைப் பாதையால் நடந்தாராம். உறைந்த தண்ணீரின் ஓரத்தில் இரண்டு அன்னங்கள் கழுத்தைச் செட்டைக்குள் செருகி, பனிக்கட்டி போலவே இருந்தனவாம். குழந்தை வண்டி தள்ளி வந்த தான், நின்று பார்த்ததில் பால் போத்தல் ஆறிப்போனதாம். வண்டியில் இருந்தது 'என்ரை பேரன்' என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

அவருக்குப் பேரன் இல்லை. பிக்கரிங்கில் கைக்குழந்தையோடு, கதைக்க ஆளில்லாமல், யாரோ ஒருத்தி நடந்து நடந்து குரல் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். அந்த அன்னங்கள் வரை சொல்லியிருக்கிறாள். இனி வீட்டுக் கதையும் சொல்லத் தொடங்குவாள். அவளைக் கூப்பிட்டுச் சொல்ல எனக்கு அவளுடைய முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. என் நிறுத்தம் வந்தது. பக்கத்துப் பெண் கைபேசியைப் பார்த்துச் சிரித்தபடி, "நல்லாக் கதைக்கிறா என்ன?" என்று என்னிடம் கேட்டார்.

"ஓம், மற்றவை கதைக்கிறதையும் நல்லாக் கேப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.