பின் இருக்கை இல்லாத கார்

என் காரில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். அதை ஓட்டிக்கொண்டு வந்து ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திய அன்றே எதிர்வீட்டு மாமி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்.

"ஒரு சீட்டு நோக்கு. மத்தது ஆருக்காக்கும்?"

விவாகரத்து வாங்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவளிடம் இப்படிக் கேட்பதில் ஒரு ருசி இருக்கத்தானே செய்யும். "என் கைப்பைக்கு மாமி" என்றேன். மாமி நன்றாகவே சிரித்தாள். அடுத்த வாரத்துக்குள் அந்தக் கைப்பையும் தெரு முழுக்கச் சுற்றி வந்துவிட்டது.

அந்தக் காரை யாரோ ஆசைப்பட்டு வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, கொச்சியில் சில வருஷம் ஓட்டி, முதுகுவலி வந்ததும் விற்றார்கள். என் இடுப்பைவிடக் கொஞ்சம் உயரம். அலுமினியச் சட்டகத்தின் மேல் மெல்லிய ஃபைபர் உடம்பு, தலைக்கு மேல் சுருட்டி வைக்கிற துணிக்கூரை. எஞ்சின் முன்னால் கிடையாது. இரண்டு இருக்கைகளுக்கும் பின்னால், முதுகுக்கும் அதற்கும் நடுவில் ஒரு தகடு மட்டும் இருக்க, அங்கிருந்து இரையும். கனமெல்லாம் நடுவில் இருப்பதால் திருப்பங்களில் நாம் நினைத்த மாத்திரத்தில் வண்டி திரும்பிவிடும். இதை எங்கள் தெருவில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

பூஜை போடப் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனேன். அப்பாவும் ஆட்டோவில் வந்து சேர்ந்தார். தேங்காய் உடைத்தாயிற்று. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்குக் கீழே வைத்தாயிற்று. எஞ்சினுக்குச் சந்தனம் தொட்டு வைக்க வேண்டும், முன்மூடியைத் திற என்றார் பூஜை செய்தவர். திறந்தேன். உள்ளே பிரேக் ஆயில் டப்பாவும் ஒரு தண்ணீர் மூடியும் இருந்தன. சந்தனக் கிண்ணத்தோடு அவர் குனிந்து தேடினார். சுற்றி நின்றவர்களும் தேடினார்கள்.

"முன்னாலே பார்த்தா ஒண்ணும் இருக்காது" என்றார் அப்பா. "வாங்கினவளும் அப்படித்தானே."

எல்லாரும் சிரித்தார்கள். சந்தனத்தைப் பிரேக் ஆயில் டப்பாவுக்கு வைத்துவிட்டு வந்தோம்.

அந்தக் காரில்தான் நான் தினமும் கழக்கூட்டத்தில் இருக்கும் என் ஆபீசுக்குப் போனேன், சாலை பஜார் கடைகளுக்குப் போனேன், பல் பிடுங்கப் போனேன். சும்மா அழகுக்கு நிறுத்தி வைக்கும் பணக்காரியல்ல நான். வேகத்தடை வந்தால் நேராக ஏற முடியாது, அடிவயிறு தட்டும். வண்டியைக் கோணலாகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். அதற்குள் பின்னால் நிற்கும் ஆட்டோக்காரன் என் வம்சத்தையே விசாரித்து முடிப்பான். மழை பெய்தால் கூரையின் ஓரத்திலிருந்து சரியாக என் வலது தொடையில் சொட்டும். மடியில் எப்போதும் ஒரு தோர்த்துத் துண்டைப் போட்டுக்கொள்வேன். சாமான் வைக்கிற பெட்டி எஞ்சினுக்குப் பின்னால் இருந்ததால் சாலை பஜாரில் வாங்கிய கறிவேப்பிலை வீடு வந்து சேரும்போது ரசத்திலிருந்து எடுத்தது போல இருக்கும்.

ஆனால் விடிகாலையில் பைபாஸில் அதை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஸ்டீயரிங்கில் எந்த உதவி மோட்டாரும் கிடையாது. ரோட்டில் கிடக்கும் சின்னக் கல்கூட உள்ளங்கையில் வந்து சொல்லிவிட்டுப் போகும். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் மூச்சு இழுப்பது கேட்கும். என்னை அவ்வளவு சந்தோஷமாக வைத்திருந்தது வேறு எதுவும் இல்லை. கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்பாவின் சிறுநீரகங்கள் கைவிட்டது அதற்கப்புறம்தான். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். உள்ளூருக்குள் இன்னொரு கோடியில் இருந்தது ஆஸ்பத்திரி. கூட்டிப்போக நான் ஒருத்திதான். வீட்டில் இருந்ததோ இந்தக் கார்தான்.

அப்பா செயலகத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை நிற ஆபீஸ் காரில் பின் இருக்கையின் இடது ஓரம்தான் அவருடைய இடம். இருக்கையில் வெள்ளை டர்க்கித் துண்டு விரித்திருக்கும். டிரைவர் சுற்றி வந்து கதவைத் திறக்கும்வரை கைப்பிடியைத் தொடமாட்டார். வழியில் டிரைவரோடு ஒரு வார்த்தை பேசமாட்டார். முன்னால் உட்காருகிறவன் பியூன் என்பது அவருடைய சட்டம்.

அந்தக் காரில் அம்மா ஏறி நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்து மருத்துவக் கல்லூரியில் கதிர்வீச்சு கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில், காலையில் ஆபீஸ் கார் வாசலுக்கு வரும். அப்பா ஏறிக்கொள்வார். அது தெருமுனையில் திரும்பிய பிறகு அம்மா குடையை எடுத்துக்கொண்டு கிழக்கேகோட்டைக்கு நடந்துபோய் பஸ் பிடிப்பாள். "அது கவர்மெண்ட் காராக்கும். ஆத்து மனுஷாளுக்கில்லே" என்பார் அப்பா. சரி, ஆட்டோ? "பஸ் இருக்கச்சே ஆட்டோ எதுக்கு, வெறுதே?" அம்மா இறந்த பிறகு, அப்பாவின் பிரிவுபசாரக் கூட்டத்தில் ஒருவர் இதையே மேடையில் எடுத்துச் சொன்னார். சுகமில்லாத மனைவியைக்கூட பஸ்ஸில் அனுப்பிய உத்தமர் என்றார். கூட்டம் கை தட்டியது. அப்பா தலையைக் குனிந்து அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் தட்டாத கை என்னுடையது மட்டும்தான்.

ஆகவே, "கதவு நாலு இருக்கிற கார் ஒண்ணு வாங்கேன், இதிலே மனுஷன் ஏறுவானா?" என்று அப்பா முதல் நாள் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

"இது என் காராக்கும். நோயாளிக்குன்னு வாங்கினதில்லே. வேணும்னா பஸ் இருக்கே அப்பா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிய வேண்டும் என்றுதான் சொன்னேன்.

என் காரில் ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. கதவுக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு அகலமான ஒரு திட்டு இருக்கும். முதலில் அதன்மேல் உட்கார வேண்டும். பின்புறத்தை உள்ளே சரித்து விழ வேண்டும். பிறகு கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே போட வேண்டும். கூரை இருந்தால் தலை இடிக்கும் என்று நான் துணியைச் சுருட்டி வைத்துவிடுவேன். டயாலிசிஸுக்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள், அந்தக் கையை எதிலும் ஊன்றக் கூடாது. அதனால் நான்தான் அவருடைய கக்கத்தில் கை கொடுத்து இறக்குவேன். தெருவே வாசலுக்கு வந்து பார்க்கும்.

"ஸார் எழுந்தருளியாச்சா?" என்பார் பக்கத்து வீட்டு மாமா, உற்சவமூர்த்தியைக் கேட்பது போல.

கூரையில்லாத காரில் நரைத்த தலையும் விபூதியுமாக, முழங்கால்கள் மார்பைத் தொட, அப்பா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தம்பானூர் சிக்னலில் நின்றால் பஸ்ஸின் சக்கரம் அவர் காதுக்கு நேரே நிற்கும். பஸ் ஜன்னல்களிலிருந்து முகங்கள் கீழே எட்டிப் பார்க்கும். ஒருநாள் ஒரு கண்டக்டர் படியில் நின்றபடி, "அப்பூப்பா, சுகமாணோ?" என்று மலையாளத்தில் தாத்தாவை நலம் விசாரித்தான். நான் சத்தமாகச் சிரித்தேன். ஒரு காலத்தில் இவருடைய கையெழுத்துக்காக ஆபீஸ் வராந்தாவில் ஆட்கள் காத்துக் கிடந்தார்கள்.

அப்பாவும் சும்மா இருக்கவில்லை. அவருடைய வாய்க்கு டயாலிசிஸ் தேவைப்படவில்லை. நான் கியர் மாற்றும்போதெல்லாம் என் முழங்கை அவர் தொடையில் இடிக்கும். "ஆம்படையானையும் இப்படித்தான் இடிச்சியோ? அதான் ஓடிட்டான்" என்பார். மழையில் என் தொடை நனைவதைப் பார்த்து, "அந்தப் பக்கம் ஒழுகறதே, தெய்வம் இருக்கு" என்பார். நானும் விடுவதில்லை. போக முக்கால் மணி, வர முக்கால் மணி, ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டேதான் போய் வந்தோம். வீட்டுக்குள் எங்களுக்குப் பேச்சு கிடையாது. அவர் முன்னறையில், நான் மாடியில்.

இது நின்றது அவருடைய கையால். மழைக்காலத்தில் ஒருநாள், நான் ஆஸ்பத்திரி வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, காத்திருக்கப் பொறுக்காமல் தானாகவே இறங்கப் பார்த்தார். ஈரத் திட்டில் வழுக்கி முழுக் கனத்தையும் இடது கையில் ஊன்றிவிட்டார். கை வீங்கி, தைத்த இடத்தில் ரத்தம் உறைந்துவிட்டது. எப்படியோ சரிசெய்தார்கள். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இந்த இடம் போனால் வேறு இடம் தேடுவது கஷ்டம், அவரை நல்ல காரில் கூட்டி வாருங்கள் என்றார். குரலை உயர்த்தவில்லை. என் கார்ச்சாவியை மட்டும் பார்த்தார்.

நான் பொல்லாதவள்தான், கொலைகாரியல்ல. விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். அன்று மாடியில் தனியாக அழுதேன், காருக்காக.

பார்க்க வந்தவர் கொல்லத்துக்காரர், இளம் வயது. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வாங்கிவிடுவார் என்று தெரிந்துவிட்டது. நான் ஆர்சி புத்தகத்தை எடுத்து வர உள்ளே போன நேரத்தில் அப்பா வாசலுக்கு வந்துவிட்டார்.

"மழை பெய்தா உள்ளே பெய்யும், கேட்டியா. வெயிலடிச்சா பின்னாலே அடுப்பு" என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. "என்னைப் பாரும். கல்லு மாதிரி இருந்தேன். இதிலே ஏறினப்புறமாக்கும் ரெண்டு கிட்னியும் போச்சு."

வந்தவர் அரண்டு போனார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"எதுக்காக அப்படிச் சொன்னேள்?" என்று கத்தினேன். "நீங்கதானே வேற கார் வேணும்னு நச்சரிச்சேள்?"

அப்பா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டுப்போட்ட கையை மற்றொரு கையால் தாங்கியிருந்தார்.

"வேற கார் வந்தா நீ டிரைவரை வெச்சு அனுப்பிச்சுடுவே" என்றார். "தெரியும் நேக்கு."

அவரே தொடர்ந்தார்.

"உங்கம்மாவை ஒருநாள் ஆபீஸ் காரிலே கூப்பிட்டேன். நல்ல மழை. ரூல் கிடக்கட்டும், ஏறுன்னேன். மாட்டேனுட்டா. பஸ்ஸிலே ஆராவது எழுந்து எடம் தருவா, என்ன ஏதுன்னு கேப்பா, உங்க பக்கத்திலே உக்காந்து நான் என்ன பேசறதுன்னா." கொஞ்ச நேரம் காரையே பார்த்தார். "இதிலே நீ என் பக்கத்திலே உக்காரறே. இடிக்கறே, திட்டறே. சாரமில்லே, போகட்டும். உக்காரறேல்லியோ."

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அம்மா அப்படித்தான் சொல்லியிருப்பாள், அதே குரலில். இத்தனை நாளும் நான் அவரைத் தண்டித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவரோ வாரத்துக்கு மூன்று தடவை மகளோடு ஊர்வலம் போயிருக்கிறார். அவருக்கு வாய்த்த நல்ல காலமே அதுதான் போலிருக்கிறது. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். ஏமாந்துபோன ஆத்திரம்தான் வந்தது. அம்மாவுக்குத் தப்பிக்கத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே கொல்லத்துக்காரருக்குப் போன் செய்து, அப்பாவுக்கு வயதாகிவிட்டது, என்னமோ பேசுவார் என்று சொல்லி, வண்டியை அவருக்கே கொடுத்தேன். அது தெருமுனை திரும்பும்போது எஞ்சின் ஒருமுறை உறுமியது. நெஞ்சு வலித்தது. அந்த வலிக்கும் சேர்த்து ஒருவர் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பெரிய கார் வாங்கினேன். வெள்ளை நிறம், நான்கு கதவு, அகலமான பின் இருக்கை. அதில் வெள்ளை டர்க்கித் துண்டு விரித்தேன். டிரைவருக்குப் பல பேரைப் பார்த்து, கடைசியில் நாகர்கோவில் பக்கத்துக்காரர் ஒருவரை வைத்தேன். ஆயுள் முழுக்க அரசாங்க அதிகாரிகளுக்கு ஓட்டி ஓய்வு பெற்றவர், வெள்ளைச் சட்டைதான் போடுவார்.

முதல் நாள் அவர் சுற்றி வந்து பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா முன்கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ வரல்லியா?"

"ஆபீஸ் இருக்கு அப்பா. பின்னாலே ஏறுங்கோ, சௌகரியமா இருக்கும்."

சௌகரியமாகத்தான் இருந்தது. கையை எங்கும் ஊன்றாமலே ஏறிவிட்டார். "இப்பத்தான் நோக்குப் பொறுப்பு வந்திருக்கு. அப்பாவை ராஜா மாதிரின்னா அனுப்பறே" என்றாள் எதிர்வீட்டு மாமி. தெருவில் எல்லாருக்கும் என்மேல் மரியாதை வந்துவிட்டது. டாக்டர்கூட நன்றி சொன்னார்.

ஒரு மாதம் போயிருக்கும். சாயங்காலம் சாவியைக் கொடுக்க வந்த டிரைவர் தயங்கி நின்றார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். ஸார் வழி நெடுக எங்கிட்ட பேசிட்டே வாறாங்க. பிள்ளைய எத்தனை, சோறு தின்னாச்சா, பொஞ்சாதி எப்படி இருக்கான்னு கேட்டுட்டே இருக்காங்க. நான் வாயே தெறக்கல்ல. ஆபீசர்மார்ட்ட நாம பேசப்படாதுல்லா. அப்படியே பழகியாச்சு. ஸார் கோவிச்சுக்குவாங்களோ?"

முன்னறையில் அப்பா இருமுவது கேட்டது.

"நல்ல பழக்கம்தான். அப்படியே இருங்க" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டேன்.