பெரியம்மாவின் மூன்று வலைப்பைகள்

ஒரு கோடை முழுவதும் நான் என் பெரியம்மாவைச் சந்தேகப்பட்டேன். அப்போது எனக்கு எட்டு வயது. ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், எங்கள் குடியிருப்புக்குப் பின்னாலிருந்த பொதுத் தோட்டத்தில் அம்மாவுக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்திருந்தது. அதில் எனக்கு ஒரு தக்காளிச் செடி, பெரியம்மாவுக்கு ஒன்று. எது அதிகம் காய்க்கும் என்று எங்களுக்குள் போட்டி. என் செடி என்னையும் தாண்டி வளர்ந்தது. அவருடையது முழங்காலளவில் நின்றுவிட்டது. வெற்றி எனக்குத்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

"உயரத்தைப் பாத்து ஏமாறாதை பிள்ளை. கொத்தை எண்ணு. கொத்திலை எத்தினை பூ பிஞ்சாகுது எண்டு பார்" என்பார் பெரியம்மா. ஊரில் விவசாயப் பண்ணையில் இரண்டு இனங்களைக் கலந்து புது இனம் எடுத்தவராம். டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறவர் சொன்னால் நான் நம்பிவிடுவேனா? தோற்கப்போகிறவரின் சாட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலை அவர் என் செடியருகே குந்தியிருப்பதைக் கண்டேன். கையில் அம்மா புருவம் திருத்தும் இடுக்கி. என் செடியின் விரியாத மூன்று பூக்களைப் பிரித்து, உள்ளே இருந்த மஞ்சள் நிறக் குழலைப் பிடுங்கினார். தன் செடிப் பூவின் மகரந்தத் தூளை அங்கே தடவினார். பிறகு, கல்யாண வீட்டில் பலகாரம் போட்டுத் தந்த சிறு வலைப்பைகளால் மூன்று பூக்களையும் மூடிக் கட்டினார். என் செடியைக் காய்க்கவிடாமல் செய்ய இத்தனை பாடா!

அவர் வேலைக்குப் போனதும் மூன்று பைகளையும் பூவோடு பிய்த்தெடுத்தேன். ஒன்றில் தமிழில் எழுதிய சீட்டொன்று கட்டியிருந்தது. எனக்கு அப்போது பிரெஞ்சு மட்டும்தான் வாசிக்கத் தெரியும். செய்வினைச் சீட்டேதான் என்று முடிவுகட்டினேன். அம்மாவிடம் காட்டலாம் என்று பள்ளிப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்தேன்.

மாலையில் பெரியம்மா தோட்டத்திலிருந்து வந்தார்.

"பையளை ஆர் பிச்சது?"

"அணில்" என்றேன். தோட்டத்தில் எது காணாமல் போனாலும் எல்லோரும் அணிலைத்தான் சொல்வார்கள்.

அவர் என் விரல்களைப் பார்த்தார். தக்காளிச் செடியின் கறை கரும்பச்சையாக ஒட்டியிருந்தது. பாதித் தேசிக்காயின் புளிச்சாற்றைப் பிழிந்து தேய்த்துக் கழுவிவிட்டார். "ஓம், இஞ்சத்தை அணில் பொல்லாதது" என்றார். அவ்வளவுதான். அவர் ஏசாமல் விட்டது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. குற்றம் செய்தவர்தானே வாயைத் திறக்கமாட்டார்!

செப்டம்பரில் என் செடியில் ஏழு பழங்கள், ஒவ்வொன்றும் கை கொள்ளாத அளவு. அவருடையதில் கொத்துக் கொத்தாகச் சிறு பழங்கள், எண்ணி முடியவில்லை. "உன்ரை பழத்தின்ரை பருமனும் என்ரை செடியின்ரை கொத்தும் ஒண்டிலை சேர்ந்து வந்தால்..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். விதைக்கென்று அவர் ஒரு பழமும் எடுத்துவைக்கவில்லை. அடுத்த கோடையில் அந்தத் துண்டு வேறொரு குடும்பத்துக்குப் போய்விட்டது.

சீட்டை நான் அம்மாவிடம் காட்டவேயில்லை. காட்டினால் நானும் அல்லவா அகப்படுவேன்! பல வருடங்களுக்குப் பிறகு, தமிழ் வாசிக்கப் பழகியபின், ஒரு நாள் அதை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன்.

"தாய்ச் செடி பிள்ளையின்ரை. தகப்பன் செடி என்ரை. வாற புது இனத்துக்குப் பிள்ளையே பேர் வைக்கட்டும்."