தோற்பதற்காகவே நின்ற அட்ராக்டா ஃபினரன்

டன்கார்ரா தொகுதிக்கு அப்போது மூன்று நாடாளுமன்ற உறுப்பினர்கள். மூன்று பேர் இருந்தால் மூன்று மடங்கு வேலை நடக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்களுக்குத் தெரியும், ஒவ்வொருவரும் மற்ற இரண்டு பேரைக் கைகாட்டுவார்கள். ஓவன்பெக் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கேட்டு இரண்டு வருடம் அலைந்த அட்ராக்டா ஃபினரன் கடைசியில் மூன்று பேரையும் ஒரே சந்தை நாளில் தெருவில் மடக்கினாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். இவள் நடுவில் நின்று வட்டமாகச் சுற்றினாள்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். தேர்தல் வந்தால் வாக்கு எண்ணப் போவேன். முப்பது வருடம் அவளுடைய வாக்குகளை எண்ணியவன் என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

அவளுக்கு அப்போது நாற்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி ஜார்லத்தும் பதினோரு மாடுகளும்தான் வீடு. மாதா கோயிலும் பால் பண்ணையும் அக்கரையில். சாலை வழியாகப் போனால் ஒன்பது மைல். ஆற்றுக் கல்லில் கால் வைத்துப் போனால் மூன்று நிமிடம். 1951 வசந்தத்தில் ஜார்லத் இரண்டு பால் கேன்களோடு வழுக்கி விழுந்தான். அரை மைல் தள்ளிக் கரையேறினான்.

"கேன் எங்கடா?" என்றாள்.

"போயிடுச்சு. நான் வந்துட்டேன்ல?"

"உன்ன யாரு கேட்டா?"

அந்த வாரமே அவள் வேட்புமனு போட்டாள்.

எங்கள் வாக்குச்சீட்டில் ஒரே ஒருவருக்கு முத்திரை குத்திவிட்டுப் போக முடியாது. பெயர்களுக்கு எதிரே ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பப்படி எண் எழுத வேண்டும். எண்ணும்போது கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு, அவருடைய சீட்டுகளை அவற்றில் இரண்டாம் எண் வாங்கியவருக்குக் கொடுப்போம். அப்படியே ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு போவோம். அட்ராக்டாவுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கு. முதல் சுற்றிலேயே போய்விட்டாள். ஆனால் அவள் சொல்லி வைத்தபடி, அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டிலும் இரண்டாம் எண் ஒரே ஆளுக்கு இருந்தது. அம்ப்ரோஸ் ஹெஸ்லின் என்ற அந்தச் சவப்பெட்டிக் கடைக்காரர் ஒன்பது வாக்கில் ஜெயித்தார்.

மறுநாளே அவள் சமையலறையில் வந்து உட்கார்ந்தார்.

"மிஸ் ஃபினரன், உங்க உதவிய சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"உன் தொழிலுக்கு அது பெரிய வார்த்தை, அம்ப்ரோஸ். பாலம் எப்ப?"

பாலம் கட்டத் தொடங்கவே ஒன்பது வருடமும் இன்னும் இரண்டு தேர்தல்களும் ஆயின. ஒவ்வொரு முறையும் அவள் தோற்றாள். அவள் சீட்டுகள் யாரையாவது ஜெயிக்க வைத்தன. வேலை தொடங்கிப் பாதி ஆற்றை எட்டியபோது தொகுதி எல்லையை மாற்றி வரைந்தார்கள். எங்களுக்கு நான்காவது உறுப்பினர் கிடைத்தார். அக்கரை பக்கத்துத் தொகுதிக்குப் போய்விட்டது. எல்லைக்கோடு ஆற்றின் நட்டநடுவில்.

பொறியாளர் நட்டநடுவில் வேலையை நிறுத்தினார். "என் பாதி முடிஞ்சுதும்மா" என்று கருவிகளை மூட்டை கட்டினார். அக்கரை உறுப்பினர்கள் எதற்குக் கட்டுவார்கள்? அதில் நடக்கப் போகிறவள் அவர்களுக்கு வாக்குப் போடப் போவதில்லை.

ஹெஸ்லின் அந்தப் பாதிப் பாலத்தையும் திறந்து வைத்தார். பாதிரியார் மந்திரித்தார், பாண்டு வாசித்தார்கள், ஹெஸ்லின் நாடாவை வெட்டினார். முனை வரை நடந்து போய், தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். எல்லோரும் கைதட்டினோம். அதற்கப்புறம் ஜார்லத் அங்கே உட்கார்ந்து தூண்டில் போட்டான்.

விபரீதம் 1965-ல் நடந்தது. அவளை எப்படியாவது குளிர்வித்துவிட வேண்டும் என்று இரண்டு பெரிய கட்சிகளும் ஒன்றுக்கொன்று தெரியாமல் தங்கள் ஆட்களிடம், "இரண்டாம் எண் அட்ராக்டாவுக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டன. ஒவ்வொரு சுற்றிலும் யாரையோ கழித்தோம். அவருடைய சீட்டெல்லாம் அவளுக்கே போய்ச் சேர்ந்தது. பதினோராவது சுற்றில் நான்காவது இடத்துக்கு அவளைத் தவிர ஆளே இல்லை. மண்டபத்தின் மூலையில் அவள் முட்டை சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள்.

"அட்ராக்டா, ஜெயிச்சுட்டீங்க" என்றேன்.

மெல்லுவதை நிறுத்தினாள். "வாத்தியாரே, கணக்குச் சொல்லிக் குடுக்கறவர்தானே நீங்க? மறுபடி எண்ணுங்க."

தான் ஜெயித்ததை எதிர்த்து மறு எண்ணிக்கை கேட்டவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எண்ணினோம். இரண்டு வாக்கு கூடுதலாக வந்தது.

தலைநகர் டப்ளினில் எட்டு மாதம் இருந்தாள். அமைச்சரிடம் பாக்கிப் பாதியைக் கேட்டாள். அது பக்கத்துத் தொகுதி விவகாரம், அந்தத் தொகுதி உறுப்பினர்தான் கேட்க வேண்டும் என்றார் அவர். அவள் சமையலறைக்கு இப்போது எந்தக் கட்சிக்காரரும் வருவதில்லை. ஊர்க்காரர்கள்தான் வந்தார்கள், மனுக்களோடு. ஒரு சனிக்கிழமை மோட்டுத் தெரு விதவை ஒருத்தி மழையில் நனைந்து வந்து, ஏழு மாதமாகப் பென்ஷன் வரவில்லை என்றாள்.

"அம்ப்ரோஸ் ஹெஸ்லின்கிட்டக் கேட்டீங்களா?" என்றாள் அட்ராக்டா. "இன்னும் மூணு பேர் இருக்காங்களே."

அவள் வாயிலிருந்தே அது வந்துவிட்டது. விதவை எழுந்து போனாள். அட்ராக்டா தொப்பியை மாட்டிக்கொண்டு மழையில் அந்த விதவையின் வீட்டுக்கே போய், பென்ஷன் காகிதங்களை வாங்கி வந்தாள். திங்கட்கிழமை பென்ஷனையும் முடித்துக் கொடுத்துவிட்டு, ராஜினாமாக் கடிதத்தையும் கொடுத்தாள்.

காலியான இடத்துக்கு இடைத்தேர்தல் வந்தது. அதில் முதலில் மனு போட்டவள் அட்ராக்டா. சந்தைத் தெருவில் ஒரு பெட்டி மேல் ஏறி நின்று பேசினாள்.

"எனக்கு ஒண்ணு போடுங்க. ஆனா நிறையப் பேரு போட்டுடாதீங்க. ஜெயிச்சா மறுபடி எழுதிக் குடுத்துட்டு வந்துடுவேன், உங்களுக்குத்தான் அலைச்சல்."

"அப்ப எத்தன பேரு போடணும்?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"நானூறு போதும். அந்தப் பாலத்த எவன் முடிக்கிறானோ அவனுக்கு ரெண்டாம் எண்."

டப்ளினில் ஆளும் கட்சிக்கு அப்போது ஒரே ஒரு இடம்தான் கூடுதல். ஒரே வாரத்தில் மூன்று அமைச்சர்கள் அவள் சமையலறைக்கு வந்தார்கள். தேநீர்க் கோப்பை போதாமல் மூன்றாவது அமைச்சருக்கு ஜார்லத் தன் முகச்சவரக் குவளையைக் கழுவிக் கொடுத்தான். எல்லைக்கோட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஐந்து வாரத்தில் அக்கரைப் பாதி வந்து சேர்ந்தது. இரண்டு பொறியாளர்களும் வெவ்வேறு மட்டத்திலிருந்து அளந்திருந்ததால் அந்தப் பாதி ஓர் அடி உயரமாக இருந்தது. நடுவில் மரப்பலகையைச் சாய்த்து வைத்தார்கள். மாடுகள் அங்கே ஒருமுறை நின்று யோசித்துவிட்டுத்தான் ஏறும்.

அவளுக்கு நானூற்றாறு வாக்கு. நன்றாகத் தோற்றாள். மண்டபத்தில் எனக்குக் கைகொடுத்தபோது அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பாலம் வந்த பிறகும் அவள் நிற்பதை விடவில்லை. கல்லறைத் தோட்டச் சுவர், தொலைபேசிக் கம்பி, பள்ளிக்கூடக் கூரை என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒன்று இருந்தது. கூரைக்கு அலைந்த வருடம் நானே அவளுக்காக வீடு வீடாகப் போனேன். அதனால் அந்த முறை மட்டும் என்னை எண்ண விடவில்லை.

கடைசியாக நின்றபோது எழுபது வயது. நூற்று நான்கு வாக்கு. அவளைக் கழித்துச் சீட்டுகளைப் பிரித்தோம். நூற்று மூன்று போய்ச் சேர்ந்தன. ஒன்றில் மட்டும் அவள் பெயருக்கு எதிரே ஒன்று இருந்தது, வேறு எதுவும் இல்லை. போக இடமில்லாத சீட்டு.

"இத்தன வருஷமாச் சொல்லியும் ரெண்டாம் எண் போடத் தெரியாத முட்டாள் எவன், வாத்தியாரே?"

அந்த ஒன்று கொக்கிபோல வளைந்திருந்தது. ஜார்லத் என் வகுப்பில் படித்தவனில்லை. ஆனால் பால் கேன்களின் மேல் அந்தக் கை எண் எழுதியதை இருபது வருடம் பார்த்திருக்கிறேன். அவன் தடுப்புக் கம்பிக்கு அப்பால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சட்டப்படி எனக்குத் தெரியக் கூடாது" என்றேன்.

"சட்டமாம்" என்றாள், கையுறையை மாட்டிக்கொண்டே. "வாடா, ஜார்லத். மாடு கத்தும்."