திரையோரத்து விமானம்

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. பால்காரர் கண்ணெதிரே அளந்து ஊற்றினாலும் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்ப்பேன். அதனால் அடுத்தடுத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் லேப்டாப்பில் நெட் நின்றுபோனதும், இது யாரோ வேண்டுமென்றே செய்கிற வேலை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அது சாதாரணப் பத்து மணி இல்லை. என் மகளைப் பெண் பார்க்கிற நேரம். பையன் சிங்கப்பூரிலிருந்தும், அவன் வீட்டார் திருச்சியிலிருந்தும் வீடியோவில் வருவதாக ஏற்பாடு. போனிலேயே பேசியிருக்கலாம். பையனின் அம்மாதான், எல்லாரும் ஒரே படத்தில் தெரிய வேண்டும், லேப்டாப்பில் வாருங்கள் என்று சொல்லிவிட்டார். மூன்றாம் ஞாயிறும் தட்டிப்போனால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். நானோ மதுரைப் பக்கம் பரவையில் எங்கள் தெரு முழுக்க இந்தச் சம்பந்தத்தைப் பீற்றிவைத்திருந்தேன்.

என் சந்தேகம் நேரே மாடிக்குப் போனது. அங்கே குடியிருந்தவருக்குக் கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை. குடிவந்த புதிதில் எங்கள் வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மேலே கிரிக்கெட் சத்தம். பிடித்துவிட்டேன் திருடனை! மூன்றாம் ஞாயிறு காலை, நெட் கம்பெனி ஆளிடம் போனில் கேட்டுக் கேட்டு பாஸ்வேர்டை மாற்றினேன். மாடிப்படிக்கு அடியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். மேலே கிரிக்கெட் அது பாட்டுக்கு ஓடியது.

ஒன்பதே முக்காலுக்கு லேப்டாப்பில் நெட் ஜோராக வந்தது. சட்டை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால், இல்லை. ரூட்டரை அணைத்துப் போட்டேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரூட்டருக்குக் கீழேயே போய் நின்றேன். ம்ஹூம். புது பாஸ்வேர்டையும் எப்படியோ பிடித்துவிட்டார் என்று ஆத்திரம் தாங்காமல் மாடியைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

அவர் கைலியோடு இறங்கி வந்தார். "என்னண்ணே, எம்மேலயா சந்தேகம்? போன மாசமே நான் தனியா லைன் போட்டுட்டேன். உங்க நெட்டத் தொட்டு எம்புட்டு நாளாச்சு."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் கோபிக்காமல் என் போனை வாங்கிப் பார்த்தார்.

"போன்ல இதே வைஃபை வருது, லேப்டாப்ல மட்டும் வரல. அப்பக் கோளாறு ரூட்டர்ல இல்லண்ணே." லேப்டாப் திரையின் ஓரத்தில் இருந்த சின்ன விமானப் படத்தைத் தொட்டுக் காட்டினார். "இது பிளைட் மோடு. இது இருந்தா நெட்டு வராது. யாரோ அமுக்கி விட்டுருக்காங்க."

அந்த விமானத்தை மூன்று வாரமும் நான் பார்த்திருந்தேன். சிங்கப்பூருக்குப் பேசப் போவதால் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! முதல் வாரம் மகளிடம் பெருமையாகக் காட்டவும் செய்தேன். அவள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அவர் மாடிக்குப் போய்விட்டார். வீட்டில் நாங்கள் மூன்று பேர். மனைவி அடுப்படியில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். லேப்டாப் பக்கத்தில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தவள் மகள்தான்.

"நீயா ஆத்தா இத அமுக்குன?"

"ஆமாப்பா. மூணு வாரமும் நாந்தான்." அவள் தலையைக் குனியவில்லை. "இந்த மாப்பிள்ள வேணாம்னு வாயத் தொறந்து எத்தன தடவ சொன்னேன்? ஒரு தடவையாச்சும் ஏன்னு கேட்டீங்களா? நெட்டு நின்னதுக்கு மட்டும் ஒவ்வொரு வயராப் பிடிச்சுப் பாக்குறீங்க."

சொல்லத்தான் செய்தாள். கல்யாணம் என்றால் பெண்பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும் என்று நான் சிரித்து மழுப்பியிருந்தேன். மாடிக்காரர்மேல் பட்ட சந்தேகத்தில் கால்வாசி என்மேல் பட்டிருந்தால் போதும்.

போன் அடித்தது. பையனின் அம்மா.

"என்னங்க, இன்னைக்கும் நெட்டு வரலையா?"

மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெட்டு நல்லாத்தாங்க இருக்கு," என்றேன். "எம்பொண்ணுக்கு இதுல விருப்பமில்ல. அவ மொதல்லயே சொல்லிட்டா. நாந்தான் கேக்கல."