ஆள் மாறி வந்தது

இரட்டையர் இருவருக்கும் ஒரே முகம், ஒரே சைக்கிள் கடை. சின்னவன் கோட்டம் எடுக்காமல் விட்ட சக்கரத்துக்குப் பெரியவன்தான் திட்டு வாங்குவான். பெரியவன் பீடியைத் தொட்டதில்லை. விடிந்தால் நடக்கக் கிளம்பிவிடுவான். சின்னவன் வாயில் புகை ஓயாது. புற்று பிடித்ததோ பெரியவன் நுரையீரலை. டாக்டர் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

கட்டிலருகே சின்னவன் விம்மினான். "எனக்கு வரவேண்டியதுண்ணே."

"ஒரே மூஞ்சிதானேடா, இதுவும் ஆள் தெரியாம வந்திருச்சு" என்று சிரிக்கப்போன பெரியவனை இருமல் பிடுங்கியது. அடங்கியதும் தம்பியின் சட்டைப் பையையே பார்த்தான்.

"வாயக் கட்டி என்னத்தக் கண்டேன்? ஒண்ணு குடு, எப்படித்தான் இருக்குன்னு பாப்போம்."

சின்னவன் பற்றவைத்துக் கொடுத்தான். பெரியவனுக்கு அதை இழுக்கக்கூட மூச்சில்லை.