பையிலிருந்து கூப்பிட்ட குரல்

"வாத்துக்காரன் மவ நீ. கம்ப்யூட்டர்ல எத மேய்க்கப் போற?" என்று மாமா கேட்டார். கும்பகோணத்தில் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று அது. அம்மாவின் அண்ணன் அவர். அவரும் வாத்து மேய்ப்பவர்தான்.

"நீங்க மேய்க்காதத எல்லாம் மேய்ப்பேன் மாமா" என்றேன். அம்மா சிரித்துவிட்டாள். மாமா சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அறுவடை முடிந்த வயல்களைத் தேடி மந்தையோடு நகர்ந்துகொண்டே இருக்கிற வாழ்க்கை. கொட்டிக் கிடக்கும் நெல்லையும் நத்தையையும் வாத்துகள் தின்னும். தீர்ந்ததும் அடுத்த ஊர். பள்ளிக்கூடம் கூடவே நகர்ந்து வராது என்பதால் என்னை மட்டும் திருப்பனந்தாளில் ஒரு விடுதியில் விட்டார்கள். பட்டம் வாங்கினேன். அதை இன்றும் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

மாமா கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் கல்லூரியின் இரண்டாம் வருடத்தில் கிடைத்தது. கணினி விளையாட்டு ரசிகர்கள் தாங்களே கட்டி, இணையத்தில் காசில்லாமல் ஆடவிட்டிருக்கும் ஒரு விளையாட்டு. பூதங்களைப் பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விடுவது. அதற்கு முதலாளி கிடையாது. முகம் பார்க்காத பலர், ஆளுக்கொரு துண்டாகச் செய்து சேர்ப்போம். ஒருவர் வரைபடம் போடுவார், ஒருவர் பூதத்தை வரைவார், ஒருவர் நிரல் எழுதுவார். வெளியே விடிந்தால் உள்ளேயும் விடியும். சில பூதங்கள் பனி மூட்டத்தில் மட்டுமே வரும். நாம் பார்க்காத நேரத்திலும் நம் பூதம் தானாகவே சண்டை போட்டுக்கொண்டிருக்கும்படி விட்டுவைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் உண்டு. களத்தில் இறங்கும்போது அந்தக் குரலில் கத்தும். தோற்று விழும்போதும் அதே குரல்தான், ஆனால் பாதி வேகத்தில், அடித்தொண்டைக்கு இறங்கி வரும். அதை யாரும் தனியாகப் பதிவு செய்ய வேண்டாம். நிரலே செய்துகொள்ளும்.

நான் ஒரு பூதம் வரைந்தேன். உடம்பெல்லாம் சேறு, முதுகில் அறுத்த நெல்லின் தாள் குத்திட்டு நிற்கும். வெறும் வயலில் அசையாமல் நிற்கும். கிட்டே போனால்தான் அது மண்மேடு இல்லை என்று தெரியும். அதற்குக் குரல் வேண்டியிருந்தது. அப்பாவின் குரல் நினைவுக்கு வந்தது.

வாத்துகளை அப்பா கூப்பிடுவது மூன்று துண்டாக இருக்கும். முதலில் நீளமாக ஒரு 'ஓ'. பிறகு மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். கடைசியில் மேலே ஏறிச் சட்டென்று அறுந்து நிற்கும் ஒரு 'பா'. அதைக் கேட்டால் எண்ணூறு வாத்தும் ஒரே உடம்பாகத் திரும்பும்.

"உன் கொரல எடுத்துக்கவாப்பா, ஒரு வெளையாட்டுக்கு?" என்று கேட்டேன்.

"எடுத்துக்க. எடுத்தா கொறஞ்சா போயிரும்?" என்றார்.

படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு வயலில் எங்கள் பட்டி போட்டிருந்தது. பட்டி என்றால் வாத்துகளை அடைக்கும் வலை வேலி. அதன் ஓரமாகக் கட்டிலைப் போட்டு, மடிக்கணினியில் அந்தக் குரலை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன். இரைச்சலைக் குறைத்து ஒருதரம் ஓடவிடுவேன். கூட்டிப் பார்த்து இன்னொரு தரம். முதல் நாள் வாத்துகள் வலைக்குள் முண்டியடித்து என் பக்கம் வந்து நின்றன. நான் தீனி வைக்கவில்லை. வைக்க என்ன இருந்தது. ஒரு வாரத்தில் தலையை மட்டும் தூக்கின. பிறகு அதுவும் இல்லை. இதை நான் கண்ணால் பார்த்தேன். நல்லவேளை தொந்தரவு விட்டது என்றுதான் நினைத்தேன்.

பூதம் விளையாட்டில் சேர்ந்தது. எல்லோருக்கும் பிடித்துப்போனது. யாரோ ஒருவர், "இந்தக் குரல் கேட்டால் நான் எழுந்து வாசல்வரை போய்விடுகிறேன், ஏனென்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தார். அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "அப்பாவேதான்டி" என்று முகமெல்லாம் சிரிப்பு. அப்போது திரையில் பூதம் தோற்று விழுந்தது. குரல் தாழ்ந்து, இழுத்து, கடைசி 'பா' மண்ணுக்குள் போவதுபோல் அடங்கியது.

"அத நிறுத்து" என்று சொல்லிவிட்டு அம்மா வெளியே போய்விட்டாள்.

கார்த்திகையிலேயே அப்பா சொல்லத் தொடங்கினார், மந்தை மந்தமாக இருக்கிறது என்று. கூப்பிட்டால் உடனே திரும்புவதில்லை. நோயோ என்று மருந்து வாங்கிக் கொடுத்தார். காத்து கருப்பு பட்டிருக்கும் என்று அம்மா பட்டியைச் சுற்றிச் சூடம் காட்டினாள். நான் அவளைக் கேலி செய்தேன்.

தை மாதம் ஒரு காலை. சம்பா அறுத்த வயல். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனி. மந்தையை வாய்க்கால் கடத்தி எதிர்ப்புற வயலுக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த வயல்காரர் உழுவதற்கு டிராக்டரோடு வந்து வரப்பில் காத்திருந்தார். அப்பா மதகின்மேல் நின்று கூப்பிட்டார்.

வயலின் மறுபக்கத்திலிருந்து, பனிக்குள்ளிருந்து, அவரே பதிலுக்குக் கூப்பிட்டார்.

அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். "யாருய்யா அந்தப் பக்கம்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே மூன்று துண்டு. நீளமான ஓ, மூச்சு, அறுந்த பா.

"அது என் கொரலாச்சே" என்றார் அப்பா, மெதுவாக.

நான் வயலுக்குள் இறங்கினேன். பனிக்கு நடுவில் வாத்துகள் நின்றன. எண்ணூறும் நின்றன. மேயவில்லை, கத்தவில்லை. கழுத்தை நிமிர்த்தி, இந்தப் பக்கமும் போகாமல் அந்தப் பக்கமும் போகாமல். வாத்து மந்தை சத்தமில்லாமல் இருந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவற்றின் நடுவில் புகுந்து போனேன். ஒன்றுகூட விலகவில்லை, கால்களில் உரசி நகர்த்திக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. அந்தக் கோடி வரப்பில் என் துணிப்பை இருந்தது. நான்தான் வந்ததும் வைத்திருந்தேன். பைக்குள் போன். பூதத்தைத் தானாகச் சண்டை போடும்படி விட்டுவிட்டு அணைக்க மறந்திருந்தேன்.

பையைத் தொடும்முன் பூதம் தோற்றது. அந்தத் தாழ்ந்த குரல் வந்தது. எனக்குப் பின்னால் எண்ணூறு கழுத்தும் உடம்புக்குள் சுருங்குகிற சத்தம் கேட்டது. இறகும் இறகும் உரசுகிற ஒரே ஒரு சத்தம்.

போனை அணைத்துவிட்டேன். அப்பா மறுபடி கூப்பிட்டார். மறுபடி. தொண்டை கரகரக்கும்வரை. ஒன்றும் அசையவில்லை.

"என்னய்யா, வாத்து ஒன் பேச்ச கேக்க மாட்டேங்குது?" என்றார் வயல்காரர். "வூட்டுக்காரம்மாகிட்ட பழகிட்டு வந்துருச்சா?"

அப்பா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. குரல் கேட்காத மந்தையை வைத்துக்கொண்டு எந்த ஊர் வயலிலும் இறங்க முடியாது. பயிருக்குள் புகுந்தால் அடுத்த வருடம் யாரும் உள்ளே விடமாட்டார்கள். அம்மா தகர டப்பாவில் நெல்லைப் போட்டுக் குலுக்கினாள். நானும் அப்பாவும் கம்போடு பின்னால் நின்று தள்ளினோம். வாய்க்கால் கடக்க உச்சி வெயில் ஆகிவிட்டது.

அன்று சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். கட்டில், மடிக்கணினி, தீனியில்லாமல் நூறு தடவை கூப்பிட்டது. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"தீனி வைக்காம கூப்புட்டா, அது பொய்யின்னு ஆயிருமே பாப்பா" என்றார். கோபமில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"விளையாட்டுலேர்ந்து எடுத்துர்றேம்ப்பா."

"அங்க கூப்புட்டா வருதா?"

"வருது. ஒருத்தர் எந்திரிச்சு வாசவரைக்கும் போறாராம்."

"அப்ப இருக்கட்டும். அங்கயாவது வரட்டும்." பிறகு கேட்டார்: "கடேசியா ஒண்ணு இழுத்துச்சே, பைக்குள்ளேர்ந்து. அது யாரு?"

"நீதாம்ப்பா. அதையே மெதுவா ஓடவிட்டது."

"அத மட்டும் எடுத்துரு" என்றார்.

அன்றே எடுத்தேன். இப்போது என் பூதம் தோற்றால் சத்தமே இல்லாமல் விழுகிறது. குழுவில் இருவர் அதைப் பிழை என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருவர், முன்பைவிட இதுதான் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்.

இந்த மந்தையைத் தகர டப்பாவோடு ஓட்டி முடித்துவிட்டு, புதிதாகக் குஞ்சு இறக்குவதென்று அப்பா முடிவு செய்தார். குஞ்சுகள் முதல் சில வாரங்களில் கேட்கிற குரலைத்தான் கடைசிவரை பிடித்துக்கொள்ளும். என் போனிலிருந்து வருவது அவற்றின் காதில் விழக் கூடாது, அதனால் நான் விலகிப் போகிறேன் என்றேன். இயர்போன் மாட்டிக்கொண்டு என் வேலையைப் பார்த்தால் போதாதா என்று அம்மா கேட்டாள். போதாது. அன்று காலையும் நான் மறந்துதான் வைத்திருந்தேன்.

கும்பகோணத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். என் படிப்புக்கு அது சின்ன வேலை என்று மூன்று மாதமாகத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். சரியென்று சொல்லி, தாராசுரம் போகிற சாலையில் ஓர் அறையும் பிடித்தேன்.

குஞ்சுகள் செவ்வாய்க்கிழமை வந்து இறங்கின. நான் திங்கட்கிழமையே பெட்டியோடு பஸ் ஏறிவிட்டேன்.